என் மனைவி கொழுக்கட்டை அவித்த வீடுகள்

உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுக் குழந்தைக்கு முதற்பல் முளைத்தாலும் என் மனைவிக்கு ஆள் வரும். பல்லுக்கொழுக்கட்டை அவிப்பதில் அவளுக்கு நல்ல கை. வறுத்த அரிசிமாவைக் கொதிநீரில் குழைத்து, உள்ளே பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து, பிறைபோல மடித்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பல்வரிசையாகக் குத்துவாள். எத்தனை அவித்தாலும் பற்கள் ஒரே அளவில் இருக்கும்.

முன்னறையில் குழந்தையைப் பாயில் இருத்துவார்கள். தலைக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியைப் பிடிப்பார்கள். பிள்ளைகுட்டி உள்ள பெண்கள் ஒவ்வொருவராக வந்து கொழுக்கட்டையைக் கையால் அள்ளி அதன் தலையில் சொரிவார்கள். குழந்தை சிரிக்கும், அல்லது வீரிட்டு அழும். எதைச் செய்தாலும் எல்லோரும் கைதட்டுவார்கள்.

அந்த நேரம் என் மனைவி குசினியில் இருப்பாள். அவளை யாரும் வரவேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் அவர்களுக்கு வந்ததில்லை. "அடுத்த ஈடு அடுப்பில இருக்கு, நீங்கள் நடத்துங்கோ" என்று அவளே சொல்லிவிடுவாள். பிள்ளை இல்லாதவள் சொரிந்தால் குழந்தைக்கு ஆகாது என்று சொல்வார்கள். நான் முன்னறையில் ஆண்களோடு கதிரையில் இருந்து தேநீர் குடிப்பேன்.

நாற்பது வருடத்துக்கு மேலாக இது நடந்தது. அவள் குசினியில் இருந்ததற்கான காரணம் பொய் என்பது அந்த வீடுகளில் எனக்கு மட்டுமே தெரியும்.

கலியாணமாகி நான்கு வருடம் போயும் எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. முதலில் வாய் திறந்தவள் என் தங்கை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, என் மனைவி தலைமுழுகிக் கூந்தல் காயவிட்டிருப்பதைக் கண்டால், "என்ன மச்சாள், இந்த மாசமும் முழுக்கோ?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். என் மனைவியும் சிரித்துவிட்டுத் தேநீர் போடப் போவாள்.

நான் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். பயிற்சிக்காக என்னைச் சில மாதங்கள் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே நல்ல டொக்டர் ஒருவரிடம் என்னைச் சோதித்துப் பார்க்கும்படி மனைவி கேட்டிருந்தாள். போனேன். அந்த டொக்டர் வயதானவர், நிதானமாகக் கதைப்பவர். என் பக்கத்தில்தான் குறை, என்னால் பிள்ளை உண்டாவது அநேகமாக நடக்காத காரியம் என்றார். "அடுத்தமுறை மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதுவரைக்கும் அவருக்குத் தேவையில்லாத வைத்தியம் ஒன்றும் செய்யவிடாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ரயிலில் திரும்பி வரும்போது அவளிடம் எப்படிச் சொல்வது என்று வசனம் வசனமாக யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் தங்கையும் வந்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தேன். புட்டும் மீன்குழம்பும். மனைவி பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"டொக்டரிட்டப் போனனீங்களோ?"

"ஓம், போனனான்."

"என்னவாம்?"

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு குறையும் இல்லையாம்" என்றேன்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றாள் தங்கை. "எங்கட ஆக்களில அப்பிடி ஒருத்தரும் இல்லை, அண்ணை."

என் மனைவி குழம்புச் சட்டியைக் கிட்ட இழுத்தாள். பிறகு, "நல்லதாப் போச்சு" என்றாள். சட்டியில் இருந்த பெரிய மீன்துண்டை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். உண்மையாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டாள்.

தங்கை போனதும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தங்கை போனாள். நான் சாப்பிட்ட களையில் படுத்துத் தூங்கிவிட்டேன். மறுநாள் சொல்வது முதல்நாளைவிடக் கடினமாக இருந்தது. அதற்கடுத்த நாள் அதைவிடக் கடினம். இதைவிடப் பெரிய விளக்கம் என்னிடம் இல்லை. இதற்குள் பெருமையும் பயமும் இருந்தன. சோம்பலும் இருந்தது என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பிறகு வைத்தியம் எல்லாம் அவளுக்குத்தான். சூரணம், லேகியம், கசாயம். ஆடி மாதத்தில் காளி கோவில் வீதியில் அடியழித்தாள். விழுந்து கும்பிட்டு, கை எட்டிய இடத்தில் மணலில் கோடு கிழித்து, எழுந்து வந்து அந்தக் கோட்டில் நின்று மறுபடி விழவேண்டும். மணல் சுட்டது. நான் குடத்தில் தண்ணீர் கொண்டு பக்கத்தில் நடந்தேன். நல்ல புருசன் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பிறகு கண்டியில் ஒப்பரேசன். அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனபோது நான் தேநீர்ப் போத்தலோடு வெளியே போட்டிருந்த நீள மர வாங்கில் இருந்தேன். எழுந்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வண்டி நின்றிருக்கும். நான் எழவில்லை. உள்ளே ஏதோ ஒட்டல் இருந்தது, எடுத்துவிட்டோம், இனி நம்பிக்கையாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆகவே குறை தன்னிடம்தான் இருந்தது என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. நம்பிக்கையோடு காத்திருந்தாள். ஒரு நாள் காத்திருப்பதை விட்டுவிட்டாள். எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது.

ஒருமுறை என்னை வேறு கலியாணம் கட்டச் சொன்னாள். எனக்கு நீ போதும் என்றேன். அந்தப் பேச்சு எப்படியோ வெளியே போய், ஒழுங்கையில் எனக்கு நல்ல பெயர் வந்தது. அந்த நல்ல பெயரையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் தங்கை இப்போது லிங்கநகரில் மகனோடு இருக்கிறாள். அவன் புல்மோட்டையில் வேலை செய்கிறான். சனி, ஞாயிறில் வீட்டுக்கு வருவான். கலியாணமாகிச் சில வருடங்களாகியும் அவனுக்கும் பிள்ளை இல்லை. தங்கைக்குச் சீனி வருத்தம், கண் பார்வை குறைவு. வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை. ஒருநாள் அவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபோது, மருமகள் ஈரத்தலையோடு வந்ததைக் கண்டு, "என்ன பிள்ளை, இந்த மாசமும் முழுக்கோ?" என்று தங்கை கேட்டது என் காதில் விழுந்தது. அதே சொல், அதே சிரிப்பு.

அந்தப் பிள்ளை என் மனைவியோடு நல்ல ஒட்டு. நகரத்தில் ஒரு கிளினிக்கில் பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளுக்காகச் சனிக்கிழமைகளில் ஒரு கூட்டம் நடக்கிறது. புருசன் வரமாட்டேன் என்றதால் அவள் என் மனைவியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். போன வருடம் ஒரு சனிக்கிழமை மனைவிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. படியேறக் கைகொடுக்க ஆள் வேண்டும் என்று நானும் ஓட்டோவில் போனேன்.

வெளியே இருக்கலாம் என்று நினைத்தேன். கூட்டத்தை நடத்தும் உளவளத்துணையாளர், கிண்ணியாவைச் சேர்ந்த நடுத்தர வயதுப் பெண்மணி, வாசலுக்கே வந்துவிட்டார்.

"உள்ளுக்கு வாங்க ஐயா. கதிரை இருக்கு."

கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ஐயா, இந்த வயசுல பேர் பதிய வந்தீங்களா?" என்றார்.

"சும்மா இருங்க நீங்க" என்று அவர் மனைவி அவரை இடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த அம்மா கூட்டத்தைத் தொடங்கும் முறை எனக்குப் புதிது. இந்தக் கிழமை யார் உங்களுக்கு என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேட்பார். விரும்பியவர்கள் சொல்லலாம். சல்லிக் கிராமத்தில் இருந்து வந்த ஒரு இளம்பெண், "என்ர மாமி பக்கத்து வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டதெண்டு வந்து சொன்னவ. பேந்தும் வந்து சொன்னவ. நான் கேட்டன், மாமி, அந்த ஆட்டையே மருமோளா எடுத்திருக்கலாமே எண்டு" என்றாள். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. பிறகு அந்தப் பெண் கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முதுகில் கைவைத்தாள். யாரும் புத்தி சொல்லவில்லை.

தங்கையின் மருமகளின் முறை வந்தது. வருகிற வியாழக்கிழமை தனக்கு ஒப்பரேசன், வயிற்றில் துளைபோட்டுக் குழாயைப் பார்க்கப்போகிறார்கள் என்றாள்.

"அவர சோதிச்சாங்களா?" என்று உளவளத்துணையாளர் கேட்டார்.

"அவர் பிறகு போவாராம். முதல்ல என்ர பக்கத்தப் பாத்து முடிச்சா நல்லமாம். டொக்டரும் அவரக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்தான். நான்தான் அவருக்குக் குறை இல்லையெண்டு சொல்லித் திகதி கேட்டு எடுத்தனான்." என் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். "பயமாத்தான் இருக்கு. ஆனா இந்த மாமி அந்தக் காலத்திலயே செய்தவதானே."

என் மனைவி அவள் கையைப் பிடித்தாள். வட்டத்தில் எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

"நான் செய்தனான், ஓம். இவருக்கு ஒரு குறையும் இல்லை. என்ர வயித்திலதான் பிழை. ஆனா இவர் ஒரு நாள் என்னைக் குத்திக் கதைச்சதில்லை. வேற கலியாணம் கட்டுங்கோ எண்டும் சொல்லிப் பாத்தனான், கேக்கேல்ல. நல்ல மனுசன் பக்கத்தில இருந்தா எதையும் தாங்கலாம், பிள்ளை."

பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்பு பகிடி விட்ட வியாபாரி மரியாதையாகத் தலையசைத்தார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தைரியம் வந்தவள்போல நிமிர்ந்து இருந்தாள்.

"ஐயா ஏதும் சொல்லப்போறீங்களா?" என்று உளவளத்துணையாளர் கேட்டார்.

"எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை" என்றேன்.

நான் சொன்ன பொய் என்னோடும் அவளோடும் முடிந்துபோன விஷயம் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அது அந்த அறையில் ஆறுதலாகிவிட்டது. அந்த ஆறுதலைக் கேட்டு ஒரு பிள்ளை வியாழக்கிழமை ஒப்பரேசனுக்குப் போகப்போகிறாள்.

திங்கட்கிழமை தனியாகக் கிளினிக்குக்குப் போனேன். உளவளத்துணையாளர் கதவைச் சாத்தி, தேநீர் ஊற்றித் தந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை.

"இதக் கேக்க வேண்டிய ஆள் வீட்ட இருக்காங்க ஐயா" என்றார்.

"எப்பிடிச் சொல்லுறது?"

"ஒங்கட பாரத்த எறக்கப் போறீங்களா, இல்ல அவங்களுக்கு உரியத அவங்ககிட்டக் குடுக்கப் போறீங்களா? மன்னிப்புக் கேக்கத்தான் மொத வாய் வரும். அத அண்டைக்கு விட்டுடுங்க. கேட்டா அவங்கதான் ஒங்களத் தேத்தோணும். அந்த வேலையையும் அவங்க தலையில போடாதீங்க."

அந்தப் பிள்ளைக்கு நீங்களே சொல்லிவிட ஏலாதா என்று கேட்டேன். கோழைத்தனமான கேள்விதான். ஏலாது என்றார். "உங்கட மனைவி வர விரும்பினா எந்த நேரமும் வரட்டும். நான் இருக்கன்."

செவ்வாய் பின்னேரம் என் மனைவி குசினியில் மா குழைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பல்லுக்கொழுக்கட்டை. நான் உள்ளே போய் ஒரு பலகையை இழுத்துப்போட்டு இருந்தேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். நான் குசினியில் இருக்கிறவன் இல்லை.

"என்ன, பசிக்குதோ?"

"கொழும்பில டொக்டர் சொன்னது வேற" என்றேன். "குறை எனக்குத்தான். உனக்கில்லை. நான் பொய் சொன்னனான்."

அவள் கையில் ஒரு கொழுக்கட்டை பாதிப் பல்லோடு இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

"எப்ப அறிஞ்சனீங்கள்?"

"அந்தப் பயிற்சிக்குப் போன நேரம்."

"அப்ப கண்டிக்கு முந்தி."

"ஓம்."

"அடியழிச்சனே?"

"அதுக்கும் முந்தி."

கையில் ஒட்டிய மாவை மெதுவாக உருட்டி எடுத்தாள். "நீங்கள் தண்ணிக் குடத்தோட வந்தனீங்கள்" என்றாள். பிறகு கைகழுவிவிட்டுப் பின்வளவுக்குப் போனாள். கிணற்றடியில் அவள் இருப்பது சன்னலால் தெரிந்தது. அழவில்லை. துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் போகவேண்டும் என்று கால் சொன்னது. போனால் மன்னிப்புத்தான் கேட்பேன் என்று தெரிந்ததால் இருந்தேன்.

மா காய்ந்துவிடும் என்று தோன்றியது. கத்தியை எடுத்து மிச்சத் தேங்காய்ச் சொட்டை வெட்டி, அவள் மடித்து வைத்திருந்த கொழுக்கட்டைகளுக்கு நானே பல் குத்தினேன். கோணலும் மாணலுமாக வந்தன.

இருட்டுவதற்கு முன் அவள் உள்ளே வந்தாள். நான் குத்தியவற்றைப் பார்த்தாள். அப்படியே அவிக்கிற நீத்துப்பெட்டியில் அடுக்கினாள். அடுப்பை மூட்டிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"எனக்கு மட்டும் சொன்னது காணாது. போய் உங்கட தங்கச்சிக்குச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளையும் இருக்கேக்க சொல்லுங்கோ. நான் வரேல்ல."

அன்றிரவே லிங்கநகருக்குப் போனேன். ஒப்பரேசனுக்காக என் மருமகன், தங்கையின் மகன், லீவில் வந்திருந்தான். தங்கை கட்டிலில் இருந்தாள். அந்தப் பிள்ளை குசினிக்குள் போகப் பார்த்தாள். "இரு பிள்ளை, உனக்கும்தான்" என்று சொல்லி நிறுத்தினேன். குசினியில் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னேன்.

தங்கை முதலில் சிரித்தாள். "அண்ணைக்கு விசர். வயசு போனா மறதியில இப்பிடித்தான் கதைப்பினம். எங்கட ஆக்களில அப்பிடி ஒருத்தரும்..."

"நான் இருக்கிறன்" என்றேன்.

அவள் வாயை மூடினாள். அவள் கேட்டுக் கேட்டுச் சிரித்த அந்த மாதங்கள் எல்லாம் அவளுக்கும் நினைவு வந்திருக்கும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இதை ஏன் மாமா இப்ப வந்து சொல்லுறீங்கள்?" என்று மருமகன் கேட்டான். கோபம்தான்.

"நாளையிண்டைக்கு இந்தப் பிள்ளைய உள்ளுக்குக் கொண்டு போகப்போறாங்கள். நீ வெளியில வாங்கில இருப்பாய். நான் இருந்தனான்."

அவன் தாயைப் பார்த்தான். அந்தப் பிள்ளைதான் சொன்னாள், சத்தமில்லாமல். "நான் வியாழக்கிழமை போகேல்ல. முதல்ல நீங்கள் சோதியுங்கோ. நானும் உங்களோட வாறன்."

அவன் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். திகதியை அவள் மறுநாளே போன் பண்ணி நிறுத்தினாள். இரண்டு கிழமை கழித்து இருவரும் ஒன்றாகப் போனார்கள். என்ன சொன்னார்கள் என்பது அவர்களுடைய விஷயம். நான் கேட்கவில்லை, இங்கே எழுதவும் மாட்டேன். இப்போது சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவனும் போகிறான், வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறான் என்று மட்டும் கேள்விப்பட்டேன். என் மனைவியும் போகிறாள், இப்போது தனக்காக. முழங்காலுக்குக் கைகொடுக்க நான் போவேன். படியேற்றி விட்டுவிட்டு, அவள் சொல்லியபடி வெளியே இருப்பேன்.

அந்தப் புதன்கிழமைக் காலைக்கு வருகிறேன். எதிர்வீட்டுக்குப் போக அவள் நல்ல சேலை உடுத்தினாள். வழக்கமாக அடுப்புக்கரி படும் என்று பழைய சேலையில்தான் போவாள். கொழுக்கட்டைச் சட்டியை என் கையில் தந்து முன்னால் நடந்தாள்.

"வாங்கோ அக்கா, குசினிக்க அடுப்பு மூட்டி வச்சிருக்கு, மிச்ச ஈட்ட அங்க..." என்று வீட்டுக்காரப் பெண் தொடங்கினாள்.

"எல்லாம் அவிச்சுக் கொண்டந்திட்டன் பிள்ளை. மிச்சத்த இவர் பாப்பார்" என்று சொல்லிவிட்டு, என் மனைவி குழந்தைக்கு முன்னால் பாயில் இருந்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெள்ளைத் துணியைப் பிடித்திருந்த கை ஒன்று தளர்ந்தது. என் மனைவி எழும்பவில்லை. பிறகு குழந்தையின் தாய் சட்டியை அவள் பக்கம் தள்ளினாள். ஏன் தள்ளினாள் என்று தெரியாது. அவளிடம் நாங்கள் எதையும் சொல்லியிருக்கவில்லை.

என் மனைவி இரண்டு கையாலும் அள்ளிச் சொரிந்தாள். குழந்தை வீரிட்டது. நான் சட்டியைக் குசினியில் வைக்கப் போனதால் அதற்குமேல் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், முந்தினநாள் இரவுக்குப் பிறகு முதல்முறையாக என்னோடு கதைத்தாள்.

"நீங்கள் வெட்டின பல்லெல்லாம் தடிப்பு. பிள்ளையின்ர தலையில குத்தியிருக்கும்."

"ஓம்" என்றேன்.

"வெட்டிப் பழகுங்கோ. இனி நான் முன்னுக்கு இருக்கப்போறன்."

இப்போதும் ஒழுங்கையில் குழந்தைகளுக்குப் பல் முளைக்கிறது. ஆள் வந்தால் இருவரும் போகிறோம். அவள் முன்னறைக்குப் போவாள். சில வீடுகளில் சட்டியை அவள் பக்கம் தள்ளுகிறார்கள், சில வீடுகளில் இல்லை. தள்ளாத வீடுகளிலும் அவள் எழுந்து வருவதில்லை. நான் குசினியில் பலகை போட்டிருந்து தேங்காய்ச் சொட்டு வெட்டுகிறேன். மன்னித்தாளா என்று கேட்டதில்லை. முன்னறையில் கைதட்டுவது குசினிக்குள் எப்படிக் கேட்கும் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.